சண்டிக் குதிரை என்று ஒன்று இல்லை

80 டாலருக்கு வாங்கிய குதிரை இரண்டே வருடத்தில் நாட்டின் சாம்பியன் ஆகிறது. யாராவது இதைச் சிறுகதையாக எழுதி அனுப்பினால் 'ரொம்ப ஓவர்' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் இது நடந்த கதை. ரான் டேவிஸ் இயக்கிய 'ஹாரி அண்ட் ஸ்னோமேன்' (2015) ஆவணப்படம் இதைத்தான் சொல்கிறது.

ஹாரி டிலேயர் நெதர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர், பெண்கள் பள்ளி ஒன்றில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவர். 1956இல் பென்சில்வேனியாவில் நடந்த ஒரு ஏலத்துக்குத் தாமதமாகப் போகிறார். நல்ல குதிரைகள் விற்றாகிவிட்டன. மிச்சம் இருந்தவை கசாப்புக்காக லாரியில் ஏற்றப்பட்டிருந்தன. அதிலிருந்து ஏர் இழுத்து ஓய்ந்த ஒரு வெள்ளைக் குதிரையை இறக்கி வாங்குகிறார். 1958இல் அந்தக் குதிரை ஷோ ஜம்பிங்கில், அதாவது கம்புத் தடைகளைத் தாண்டும் போட்டியில், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பட்டம் வெல்கிறது.

படம் எனக்குப் பிடித்தது. ஹாரியின் பிள்ளைகள் வரிசையாக ஸ்னோமேன் முதுகில் உட்கார்ந்து தண்ணீரில் இறங்கும் பழைய காட்சிகளுக்காகவே பார்க்கலாம். ஆனால் 1956க்கும் 1958க்கும் நடுவே என்ன நடந்தது? தரையில் கிடந்த கம்புகளிலேயே கால் தடுக்கிய குதிரை அது. அந்த இரண்டு வருடத்தைப் படம் அவசரமாகக் கடந்துவிடுகிறது. அமெச்சூர் ஒருவரின் மொத்த வாழ்க்கையும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பதால் எனக்கு இது சின்னக் குறையாகப் படவில்லை.

கோவையில் இப்போது குதிரையேற்றம் பழகுகிறவர்களைப் பார்க்க முடிகிறது. பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். வாரம் ஐந்து நாள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டு ஞாயிறு காலை மட்டும் வருகிற என்னைப் போன்ற ஐடி ஆட்களும் உண்டு. கணக்கு என்னவோ எளிதுதான். கேன்டர் ஓட்டத்தில் குதிரையின் ஒரு எட்டு ஏறத்தாழ 12 அடி. இரண்டு தடைகளுக்கு நடுவே 60 அடி இருந்தால், தாண்டி இறங்க 6, அடுத்ததற்கு எழும்ப 6, மிச்சம் 48. ஆக நான்கு எட்டு. என்ஜினியரிங் படித்தவனுக்கு இதைக் கேட்டதும் குஷியாகிவிடும். பிரச்சினை என்னவென்றால் குதிரை இந்தக் கணக்கைப் படித்ததில்லை. போன ஞாயிறு 80 சென்டிமீட்டரை ஒன்றுமே இல்லாததுபோலத் தாண்டிய அதே குதிரை, இந்த ஞாயிறு 60 சென்டிமீட்டர் முன்னால் காலை ஊன்றி நின்றுவிடும். மேலே இருப்பவர் மட்டும் தடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுவார்.

உடனே வேலியோரத்திலிருந்து குரல் வரும்: "சண்டி பண்ணுதுங்க."

எனக்கு உறுத்துவது இந்தச் சொல்தான். மாட்டுக்கும் குதிரைக்கும் சொல்கிறோம், சில சமயம் பிள்ளைகளுக்கும் சொல்கிறோம். 'சண்டி' என்று சொன்ன நொடியில் விசாரணை முடிந்துவிடுகிறது. குற்றவாளி கிடைத்தாயிற்று, இனி சாட்டை பேச வேண்டியதுதான். ஆனால் காங்கேயம் காளையைப் பூட்டி வண்டி ஓட்டிய தலைமுறைக்கு இன்னொன்றும் தெரியும். மாடு படுத்துவிட்டால் நல்ல வண்டிக்காரர் முதலில் சாட்டையைத் தேட மாட்டார். நுகத்தடி உரசிக் கழுத்து புண்ணாகியிருக்கிறதா, லாடம் கழன்றிருக்கிறதா, வண்டி முன்பாரமாக இருக்கிறதா என்று பார்ப்பார். குதிரைக்கும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். சேணம் முதுகை அழுத்துகிறதா, லாடம் சரியாக இருக்கிறதா, தடைக்கு இரண்டு எட்டு முன்னால் மேலே இருப்பவர் பயந்துபோய் கடிவாளத்தை இழுத்தாரா? பல நேரம் அந்தக் கடைசிக் கேள்வியிலேயே விடை இருக்கும்.

ஆட்டத்தின் விதிகளும் இந்த வண்டிக்காரரின் பக்கம்தான் நிற்கின்றன. கம்பு விழுந்தால் 4 பெனால்ட்டி, குதிரை முதல்முறை மறுத்து நின்றால் 4 பெனால்ட்டி. அது யார் தவறு என்று மதிப்பெண் தாள் பிரித்துச் சொல்வதில்லை. இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நடந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மாடர்ன் பென்டத்லானில் முன்பின் தெரியாத குதிரை குலுக்கலில் கிடைக்கும், பழகிக்கொள்ள 20 நிமிடம். முன்னிலையில் இருந்த ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய்க்குக் கிடைத்த செயின்ட் பாய், அன்று ஏற்கெனவே வேறொரு வீராங்கனையிடம் மறுத்து நின்ற குதிரை. ஷ்லோய் அழுதபடி சாட்டையை வீசினார். அவருடைய பயிற்சியாளர் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து குதிரையைக் கையால் குத்தினார், அதற்காக வெளியேற்றப்பட்டார். ஷ்லோய் 31ஆம் இடத்துக்கு இறங்கினார். 2024 பாரிஸுக்குப் பிறகு அந்தப் போட்டியில் குதிரையே இல்லை.

அதே ஒலிம்பிக்ஸில் நம் பெங்களூர்க்காரர் ஃபவாத் மிர்சா, ஈவென்டிங் பிரிவில் செய்னியர் மெடிகாட் என்ற குதிரையுடன் இறங்கினார். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றதும் இதே குதிரையுடன்தான். தாண்டும் கட்டத்தின் முதல் சுற்றில் அவர்களுக்கும் 8 பெனால்ட்டி விழுந்தது. இறுதிச் சுற்றை எட்டி 23ஆம் இடத்தில் முடித்தார்கள். வருடக்கணக்கான பழக்கம் இருந்தாலும் கம்பு விழத்தான் செய்யும். விழுந்த பிறகு அந்த இருவருக்கும் நடுவே என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் பழக்கத்தின் பலன் தெரிகிறது.

மறுபடி ஸ்னோமேனுக்கு வருகிறேன். அதற்குத் தாண்டத் தெரியும் என்று ஹாரி கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. வாங்கிய கொஞ்ச நாளில் பக்கத்தில் இருந்த ஒரு டாக்டருக்கு அதை விற்றுவிட்டார். குதிரை அங்கே தங்கவில்லை. வேலி மேல் வேலியாகத் தாண்டித் தாண்டி ஹாரியிடமே திரும்பி வந்தது. படம் இதைப் பாசக் கதையாகச் சொல்கிறது. பாசம் இருந்திருக்கலாம். ஆனால் டாக்டரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். அவருக்கு அது காசு கொடுத்து வாங்கியும் கட்டுக்குள் நிற்காத குதிரை. நம்மூரில் என்றால் சுத்தச் சண்டி. டாக்டருக்குத் தலைவலியாகத் தெரிந்த அதே தாவல்தான் ஹாரிக்குத் திறமையாகத் தெரிந்தது.

அதனால்தான் கோப்பைக் காட்சிகளைக் கொஞ்சம் குறைத்துவிட்டு அந்த வேலிகளின் பக்கம் படம் இன்னும் நின்றிருக்கலாம் என்று தோன்றுகிறது. போட்டியில் ஓட எந்தக் குதிரையும் விண்ணப்பம் போடவில்லை. நாம்தான் அதைக் கேட்கிறோம். கேட்டால் 'மாட்டேன்' என்ற பதிலும் வரும். அந்தப் பதிலைத் திட்டாமல் படிக்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் ஒரு அமெச்சூருக்கு அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்படுகின்றன.