பெரியண்ணனும் சின்னண்ணனும்: மிஷனெரி வரலாறுகளை வாசிக்கும் முறை பற்றி

மிஷனெரிமாரின் வாழ்க்கை வரலாறுகளை வாசித்து ஊக்கம் பெறுவது நம் சபைகளில் நெடுநாள் வழக்கம். ஞாயிறு பள்ளிப் பரிசுப் புத்தகத்தில் தொடங்கிப் பிரசங்க பீடம் வரை அது நீள்கிறது. இவ்வழக்கத்தைப் பழிக்க நான் முன்வரவில்லை. திருப்பணிக்கு வந்தோரில் பலர் இத்தகைய நூல் ஒன்றின் வழியாகவே அழைப்பை உணர்ந்தனர். நானும் அவர்களில் ஒருவன். ஆயினும் அந்நூல்கள் எவற்றைச் சொல்லுகின்றன, எவற்றை விட்டுவிடுகின்றன என்று ஆராயாமல் அவற்றைச் சபையார் கையில் கொடுப்பது ஆபத்தானது என்பதை ஒரு நிகழ்ச்சியால் அறிந்தேன்.

தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டியை அடுத்த ஒரு சிறு சபையில், மாதம் ஒருமுறை ஒரு மிஷனெரியின் வரலாற்றைக் கூடி வாசித்து வந்தோம். மஞ்சள் வயலிலும் மரவள்ளிக் காட்டிலும் பகலெல்லாம் உழைத்தவர்கள் மாலையில் வந்து அமர்ந்து கண்ணீர் மல்கக் கேட்பார்கள். அவர்களுள் ஓர் இளம் ஊழியர், நோயுற்றிருந்த தம் மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாமல் மூன்று நாள் மலைக் கிராமங்களுக்குச் சென்றுவிட்டார். ஏன் என்று கேட்டபோது, நான் வாசித்துக் காட்டிய வரலாற்றையே எனக்கு மேற்கோளாகக் காட்டினார்! அப்பெண் பிழைத்தார். ஆனால் அன்றிலிருந்து அவ்வரலாறுகளை நான் பழைய கண்ணோடு வாசிக்க இயலவில்லை.

வில்லியம் கேரியை எடுத்துக்கொள்வோம். 1793-இல் அவர் வங்காளம் வந்ததும், 1801-இல் வங்க மொழியில் புதிய ஏற்பாடு வெளிவந்ததும் நம் மாணவர் யாவரும் அறிந்தவை. முதலில் வர மறுத்துப் பின்னர் இணங்கி வந்த அவர் மனைவி டாரதி, 1794-இல் சிறுமகன் பீட்டரைப் பறிகொடுத்தபின் மனநோய்க்கு ஆளாகி, 1807-இல் மரிக்கும் வரை அதிலிருந்து மீளவில்லை. வெகுசன வரலாறுகள் பல இதனை ஓரிரு வரிகளில் கடந்து, கேரியின் பொறுமைக்குச் சான்றாக மட்டுமே பயன்படுத்துகின்றன. துன்புற்றவர் டாரதி, புகழ் பெறுவதோ கேரியின் பொறுமை. இத்தகைய எழுத்து, அதை வாசிக்கும் ஊழியருக்கு எதைக் கற்பிக்கும்?

மிஷனெரிமாரே இக்குறையை உணராமலில்லை. ஏமி கார்மைக்கேல் தென்திருநெல்வேலிப் பணியைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பியபோது, தாய்நாட்டிலிருந்தவர்கள் அதனைச் சோர்வூட்டுவதாகக் கருதித் திருத்தக் கோரினர். அவர் வெற்றிக் கதையாக மாற்ற இசையவில்லை. அந்நூல் பின்னர் 1903-இல் வெளிவந்தது. இந்துக்களின் வாழ்வைப் பற்றிய அவருடைய பார்வை இருளை மிகைப்படுத்துகிறது என்பது என் கருத்து. எனினும் ஆதரவாளரின் விருப்பத்திற்கேற்பத் தோல்வியை மறைக்காத அந்த நேர்மை இன்றைய நம் ஊழிய அறிக்கைகளில் அரிது.

மேற்கூறிய நிகழ்ச்சிக்குப் பின்னர் நாங்கள் கப்பல் ஏறி வந்த வீரரை விட்டு, அண்மையிலிருந்த ஒரு வரலாற்றைத் தெரிந்தெடுத்தோம். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அரூர், ஊத்தங்கரை வழியாக வடக்கே சென்றால் திருப்பத்தூர். அங்கே 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவியவர்கள் இருவர்: சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். இருவரும் மருத்துவர், இருவரும் மணம் புரியாதவர். முன்னவர் தமிழர், 1882-இல் பிறந்தவர். பின்னவர் கம்பளி நூல் வணிகத்தால் செல்வமுற்ற ஸ்காத்லாந்துக் குடும்பத்தவர், 1891-இல் பிறந்தவர்.

வழக்கமான வரலாற்றாசிரியர் இங்கே செல்வத்தைத் துறந்த வெள்ளையரைக் கதைத்தலைவராக்கித் தமிழரைத் துணைப்பாத்திரமாக்குவார். கதர் அணிந்த அவர் 1932-இல் சென்னையில் போலீசாரின் தடியடிக்கு ஆளானதை உச்சக் காட்சியாக்குவார். அது மெய்யான நிகழ்ச்சியே. அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வாசிப்பில் சபையாரை நிறுத்திவைத்தது வேறொன்று. ஆசிரமத்தில் ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன் என்றே அழைக்கப்பட்டனர். இதைக் கேட்டதும் மூதாட்டி ஒருவர், "வெள்ளைக்காரரைச் சின்னண்ணன்னு கூப்பிட்டா அவரு கோவிச்சுக்க மாட்டாராங்க ஐயா?" என்றார். அவையினர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஷன் வளாகத்தில் அயலவர் தலைவராகவும் இந்நாட்டவர் ஊதியம் பெறும் உதவியாளராகவும் இருந்த காலம் அது. 1910-இல் எடின்பரோவில் அசரியா, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருள்பட முறையிட்டதும் இதனால்தான். ஒன்பது வயது மூத்தவர் பெரியண்ணன் என்ற நம் வீட்டு முறைமை, நிறத்தால் அமைந்த வரிசையைப் பிரசங்கம் ஏதுமின்றிப் புரட்டிவிட்டது. பணத்தைக் கொடுப்பதைவிட இரண்டாம் இடத்தைத் தினந்தோறும் ஏற்பது கடினமன்றோ?

ஆயினும் இவ்விருவரையும் குற்றமற்றவராக்கிவிட்டால் நானும் அதே தவறைச் செய்தவனாவேன். மணத்துறவை அடிப்படையாகக் கொண்ட அவ்வாழ்வு, குடும்பத்தோடு ஊழியம் செய்யும் நம்மவர்க்கு நேரடி மாதிரியாகாது. அந்த இளம் ஊழியரிடம் இதை வெளிப்படையாகவே கூறினேன். ஆசிரமத்தின் ஜெபாலயத்தைப் பற்றியும் ஒரு வினா உண்டு. அது தமிழ்க் கோயிற்கலை முறையில் எழுந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்ததோ 1939-இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எழுந்த கோபுரம், நம் சபையாரில் பெரும்பாலோர்க்கு எதை நினைவூட்டியிருக்கும்? அவர்களை விலக்கிவைத்த வாயிலையா? தலித் இறையியலார் எண்பதுகளிலிருந்து எழுப்பிவரும் இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. எங்கள் கூட்டத்தில் ஒருவர், தடையின்றி உள்ளே போகக்கூடிய கோபுரம் ஒன்றாவது அக்காலத்தில் இருந்ததே என்றார். மற்றொருவர் அதை ஏற்கவில்லை. அன்றிரவு வாக்குவாதம் பத்து மணிவரை நீண்டது. கண்ணீர் மல்கக் கேட்டு வீடு திரும்பிய பழைய கூட்டங்களைவிட இதுவே எனக்கு மனநிறைவளித்தது.

அடுத்த மாதம் அந்த மூதாட்டி, தாம் சிறுமியாயிருந்தபோது வீடு வீடாக நடந்துவந்து தமக்கு எழுத்துக் கற்பித்த வேதாகமப் பெண்மணி ஒருவரைப் பற்றிப் பேசினார். அவரைப் பற்றி நூல் எதுவும் இல்லை. சபையார் சொல்லச் சொல்ல அந்த இளம் ஊழியரின் மனைவி ஒரு நோட்டில் எழுதி வருகிறார். இதுவரை நான்கு பக்கங்கள் ஆகியுள்ளன. அவற்றுள் ஒரு பக்கம் முழுவதும் அப்பெண்மணி சபையாரோடு போட்ட சண்டை.