நுண்ணறிவு: எண்ணுக்கு முன் வரையறை

நுண்ணறிவு என்றால் என்ன? சோதனைகள் எதை அளக்கின்றனவோ அதுவே நுண்ணறிவு என்று அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வின் போரிங் 1923-இல் விடை கூறினார். ஆய்வைத் தொடங்குவதற்கான இடமாகவே அவர் இதைக் கொண்டார். எனினும், கற்பவருக்கு இவ்விடை போதாது. ஏன் என்று பார்ப்போம்.

வெப்பமானி காட்டுவதே வெப்பநிலை என்றும் சொல்லலாம் அல்லவா? தொடக்கத்தில் நிலைமை அப்படித்தான் இருந்தது. ஆனால், வெவ்வேறு பொருள்களைக் கொண்டு செய்த வெப்பமானிகள் 0°, 100° ஆகிய குறிகளில் ஒத்துப்போனாலும் இடையில் சற்று வேறுபட்டன. எது சரி என்று கருவியைக் கேட்டுப் பயனில்லை. பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், எந்தப் பொருளையும் சாராத அளவுமுறையை 1848-இல் முன்வைத்த பிறகே வழி பிறந்தது. நுண்ணறிவுக்கு அப்படி எல்லோரும் ஏற்ற வரையறை இன்றும் இல்லை.

வரையறை இல்லாத எண் என்ன செய்யும்? பிரான்சில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905-இல் 30 பணிகள் கொண்ட சோதனையை வகுத்தனர். பள்ளியில் தனி உதவி வேண்டிய குழந்தைகளைக் கண்டறிவதே நோக்கம். பயிற்சியால் அறிவு வளரும் என்று பினே நம்பினார். 1911-இல் அவர் மறைந்தார். 1916-இல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் அச்சோதனையைத் திருத்தி, மனவயதைக் கால வயதால் வகுத்து 100-ஆல் பெருக்கும் 'நுண்ணறிவு ஈவை'ப் பரப்பினார். அது பெரிதும் பிறவியிலேயே அமைவது என்பது அவர் கொள்கை. உதவி தேடித் தர வந்த அளவுகோல், குழந்தையின் இயல்பைத் தீர்ப்பளிக்கும் கோலாயிற்று.

இக்கொள்கை சோதனையில் தேறவில்லை. 1932-க்கும் 1978-க்கும் இடையே அமெரிக்கரின் சராசரி ஈவு சுமார் 14 புள்ளிகள் உயர்ந்ததாக ஜேம்ஸ் ஃபிளின் 1984-இல் காட்டினார். 46 ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணுக்கள் அவ்வளவு மாறிவிடா. அதனால் மரபுக்குப் பங்கே இல்லை என்பதும் தவறு. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் அதற்கும் பங்குண்டு என்பதை இரட்டையர் பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், மரபு சார்ந்தது என்றாலே மாறாதது என்று பொருளன்று. உயரமும் மரபைச் சார்ந்ததே. இருந்தும், நல்ல உணவு கிடைத்த பிள்ளைகள் பெற்றோரைவிட உயரமாக வளர்வதை நாம் காண்கிறோம்.

மாணவ நண்பர்களே, 'எனக்குக் கணக்கு வராது' என்று சொல்பவர், ஒரு நாள் பெற்ற மதிப்பெண்ணைத் தம் பிறவிக் குணமாகக் கொள்கிறார். எந்த எண்ணைக் கண்டாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இது எதை அளந்தது? எதற்காக அளந்தது? வேறுபாடு எங்கிருந்து வந்தது? வெப்பமானி 102° காட்டினால், 'இவர் உடல்வாகே இப்படி' என்று மருத்துவர் எழுதி அனுப்புவதில்லை. காரணத்தைத் தேடுகிறார், மருந்து தருகிறார்.