இரவல் குரலும் சொந்த உச்சரிப்பும்: 'படோசன்' திரைப்படத்தில் மொழிவழி நகை

1968ஆம் ஆண்டில் வெளிவந்த 'படோசன்' இந்தி நகைச்சுவைப் படங்களுள் தனிப்போக்கு உடையது. ஜோதி ஸ்வரூப் இயக்கிய இப்படத்தில் சுனில் தத், சாயிரா பானு, கிஷோர் குமார், மெஹ்மூத், ஓம் பிரகாஷ், முக்ரி எனப் புகழ்பெற்ற நடிகர் பலர் ஒருங்கே இடம்பெற்றனர், இசை ஆர். டி. பர்மன். இக்கதை 1952இல் 'பாஷேர் பாரி' என வங்காளத்திலும் 1960இல் 'அடுத்த வீட்டுப் பெண்' எனத் தமிழிலும் முன்னரே படமாகியிருந்தது. மொழிவிட்டு மொழி சென்ற கதையாதலின் மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ளத்தக்கது.

போலா என்னும் இளைஞன் அடுத்த வீட்டுப் பிந்துவை விரும்புகிறான். அவளுக்கு இசை கற்பிப்பவர் மாஸ்டர் பிள்ளை என்னும் தமிழர். போலாவுக்குப் பாட வராது. நண்பன் வித்யாபதி மறைந்திருந்து பாட, அவன் வாயசைக்கிறான். பின்னணிப் பாடல் என்னும் திரைமரபே இங்குக் கதையின் சூழ்ச்சியாகிறது. போட்டிப் பாடல் காட்சியில் பிள்ளை தோற்கிறார். பிள்ளையாக நடித்த மெஹ்மூதுக்குக் குரல் கொடுத்தவர் முறையான இசைப்பயிற்சி பெற்ற மன்னா தே. கிஷோர் குமாரோ சொந்தக் குரலில் பாடும் நடிகர். கதையில் மறைந்து நிற்பவரும் அவரே. காண்போர் இம்முரணை உணர்ந்தே நகைக்கின்றனர்.

பிள்ளையின் பேச்சு எழுப்பும் நகை வேறு வகையினது. அவருடைய இந்தி, தமிழ் ஒலிப்பின் சாயலோடு மிகைப்படுத்தப்படுகிறது. தமிழில் மூச்சொலிகள் இல்லை. தமிழ்ச் சொற்களில் வல்லினத்தின் ஒலிப்புடைமை சூழலால் அமைவது. இந்தியில் உணவையும் பாட்டையும் குறிக்கும் இருவேறு சொற்கள் தமிழ் எழுத்தில் 'கானா' என ஒரே வடிவம் பெறுவது இதற்குச் சான்று. மேலும் தமிழில் அஃறிணைப் பெயர்க்கு ஆண், பெண் பாகுபாடு இல்லை. இந்தியிலோ புத்தகமும் பெண்பால். எனவே இந்தி பயிலும் தமிழரிடம் தோன்றும் பிழைகள் தாய்மொழிக் குறுக்கீட்டின் விளைவு, ஒழுங்குடையவை. திரைப்படமோ அவ்வொழுங்கைக் காட்டாது, எளிதில் அடையாளம் காணத்தக்க சில கூறுகளை மட்டும் தெரிந்தெடுத்துப் பெருக்குகிறது. நகை பிறக்கும் களன்களுள் எள்ளலையும் பேதைமையையும் தொல்காப்பியம் வேறுவேறாக எண்ணுகிறது. இங்கு எள்ளலுக்கு உரியதே பேதைமையாகக் காட்டப்படுகிறது. ஒருவரது உச்சரிப்பு அவரது அறிவின் அளவாகிவிடுவதே இப்படத்தின் குறை.

இப்படத்தைத் தமிழாக்குவோர்முன் மூன்று வழிகள் உள்ளன. பிள்ளையைப் பொதுத்தமிழில் பேசவைத்தால் அவர் அயலார் என்னும் குறிப்பு அழியும். வேற்றுமொழியாளராக மாற்றினால் எள்ளல் இன்னோர் இனத்தின்மேல் ஏறும். அயன்மைக்குச் சில அடையாளங்களை மட்டும் சீராக நிறுத்தி, நகையின் சுமையைப் போட்டிப் பாடலின்மேல் வைப்பது மூன்றாவது. இதுவே ஏற்கத்தக்கது, ஏனெனில் அப்பாடலின் சிறப்பு உச்சரிப்பில் இல்லை. தம் வாயால் பாடுபவர் தோற்க, இரவல் குரலுக்கு வாயசைப்பவன் வெல்கிறான். இந்த நகை எம்மொழிக்கும் பெயர்வது. பிள்ளையின் உச்சரிப்பு மங்கினாலும் அவரது தோல்வி மங்காது.