கேரம் போட்டியில் யார் 'புரொபஷனல்'?

குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஆடி மாதம், தென்காசியில் எங்கள் தெருவில் இரண்டு நாள் கேரம் போட்டி நடத்தினோம். நோட்டீஸின் கடைசி வரி: "புரொபஷனல் பிளேயர்களுக்கு அனுமதி இல்லை." அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். புதுசா ஆட வர்ற பையன்கள் முதல் சுற்றிலேயே நொந்துபோகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

கால் இறுதியில் வினை வந்தது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரூம் பாயாக இருக்கும் தம்பி ஒருவன் ஜெயித்துக்கொண்டே வந்தான். "அண்ணாச்சி, அவன் பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே ஸ்டேட் ஆடுனவம்லா, புரொபஷனல்தான?" என்றார் தோற்றவர். கமிட்டி ஐந்து நிமிஷம் பேசி அவனை நீக்கியது. நானும் கை தூக்கினேன். அவன் நுழைவுக் கட்டணத்தைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போது யோசித்தால், நாங்கள் செய்தது தப்பு. புரொபஷனல் என்றால் அந்த ஆட்டத்தை வைத்துப் பிழைப்பவர். அந்தத் தம்பி பிழைப்பது லாட்ஜ் வேலையில். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற சென்னைக் காசிமா, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். கேரத்தில் உச்சிக்குப் போக, அதில் சம்பாதித்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் பயந்தது திறமைக்கு. நோட்டீஸில் தடுத்தது தொழிலை.

இந்தக் குழப்பம் பழையது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜிம் தோர்ப் இரண்டு தங்கம் வென்றார். அதற்கு முன்பு சொற்பச் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்று 1913-ல் அவற்றைப் பறித்தார்கள். பேஸ்பால் சம்பளம் அவரை உயரம் தாண்ட வைத்ததா என்ன? அவர் 1953-ல் இறந்தார். தனி வெற்றியாளர் என்ற பெயர் 2022-ல்தான் முழுசாகத் திரும்பியது.

"அப்போ பெரிய ஆட்டக்காரன் வந்து பரிசை அள்ளிட்டுப் போகட்டுமா?" நியாயமான கேள்வி. தடுக்கத்தான் வேண்டுமென்றால், "கடந்த மூன்று ஆண்டில் மாநிலப் போட்டியில் ஆடியவர்" என்று தெளிவாக எழுதலாம். அதையும் பெயர் கொடுக்கும்போதே பார்க்க வேண்டும், கால் இறுதியில் அல்ல.

தடுக்காமலும் நடத்தலாம். அமெரிக்காவில் பூல் ஆடுபவர்களுக்கு 'ஃபார்கோ ரேட்' என்றொரு மதிப்பெண் உண்டு. 100 புள்ளி கூடுதலாக உள்ளவர், எதிராளி ஒன்று ஜெயிப்பதற்குள் இரண்டு ஜெயிப்பார் என்பது கணக்கு. அதை வைத்து, வலுவானவர் அதிக ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்று போட்டியை அமைக்கிறார்கள். கேரத்தில் இது இன்னும் சுலபம். ஆட்டம் 25 புள்ளி. ஒரு போர்டில் ரெட்டோடு சேர்த்து அதிகபட்சம் 12. தேர்ந்தவர் எட்டுப் புள்ளி விட்டுக்கொடுத்து ஆடட்டுமே. புதியவனும் ஒரு நல்ல கையோடு மோதிப் பார்ப்பான்.

அடுத்த சாரலுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது அந்தக் கடைசி வரியை எடுக்கச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் குற்றாலத்துக்கு ஒரு நடை போய், அந்தத் தம்பியிடம் நுழைவுக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வரணும்.