செட்டுன்னா செட்டு!

தமிழில் குடியேறிய ஆங்கிலச் சொற்களில் மகா கெட்டிக்காரச் சொல் எது என்று போட்டி வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு என் ஓட்டு ‘செட்’டுக்குத்தான். பஸ், டிக்கெட் எல்லாம் வந்த வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு சிவனே என்று இருக்கின்றன. இந்த இரண்டெழுத்து ஆசாமி அப்படியா? ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போகிறது. கிருஷ்ணகிரி மாந்தோப்பில் தண்ணீர் இறைக்கிறது. மாரியம்மன் பண்டிகையில் பாட்டுப் போடுகிறது. தாத்தாவின் வாயில் பல் செட்டாக உட்கார்ந்து முறுக்குக்கூடக் கடிக்கிறது.

பிறந்த வீட்டிலும் இதற்கு ராஜ மரியாதைதான். 1989-ல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்கு. வினைச்சொல்லாக மட்டுமே 400-க்கு மேல் பொருள் எழுதியிருந்தார்கள். பிற்பாடு திருத்தப் பதிப்பு வேலையில் ‘ரன்’ என்ற வினை 645 பொருளோடு முந்திக்கொண்டது. முந்தட்டும், எனக்கென்ன? ஓசூரில் வந்து ‘ரன்’ இந்த ஆட்டம் ஆட முடியுமா?

சிப்காட் பக்கம் நடந்தால் கம்பெனி கேட்டுக்குக் கேட்டு ஒரு போர்டு: ‘சி.என்.சி. ஆபரேட்டர், வி.எம்.சி. செட்டர் தேவை.’ மெஷின் ஷாப்பில் செட்டருக்கு உள்ள மரியாதையே தனி. பழைய ஜாப் இறங்கிப் புது ஜாப் ஏறும்போது அவர் வந்தால்தான் மெஷின் அசையும். பீஸைக் கவ்விப் பிடிக்கும் ஜாவை மாற்றுவார், டூலை மாட்டுவார், ஆஃப்செட் கொடுப்பார், முதல் பீஸை ஓட்டிப் பார்ப்பார். பீஸ் வெளியே வந்ததும் கூலன்ட்டைத் துணியால் துடைத்துவிட்டு, மைக்ரோமீட்டரின் ராட்செட்டை டிக் டிக்கென்று திருப்பி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார் பாருங்கள், அந்த அரை நிமிஷம் சுற்றி நிற்கிற ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். 0.01 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் மறுபடி ஆஃப்செட்டில் ஒரு தட்டு, மறுபடி ஒரு பீஸ். பிறகு தலையை ஆட்டிச் சொல்வார்: “செட் ஆயிடுச்சு, ஓட்டு தம்பி.” அடடா, என்ன ஒரு தீர்ப்பு! இப்படி மெஷினை மாற்றிக் கட்டும் நேரத்தைப் பத்து நிமிஷத்துக்குள் அடக்க வழி சொல்லித்தான் ஜப்பானின் ஷிகியோ ஷிங்கோ உலகமெங்கும் பேர் வாங்கினார். தொழிற்சாலைக்காரர்களுக்கு செட்டிங் டைம் என்றால் காசு.

டைட்டன் வாட்ச் 1980-களில் பிறந்த ஊர் ஓசூர். அதனால் இங்கே டைம் செட் பண்ணுவது ஊர்த்தொழில் என்றே சொல்வேன். அதே கம்பெனியின் நகை வேலையும் இங்கே நடப்பதால், கல்லைப் பொன்னில் பதிக்கும் ‘ஸ்டோன் செட்டிங்’ இன்னொரு தொழில். பதித்து முடித்த நெக்லஸும் கம்மலும் பெட்டியில் சேர்ந்தால் அதுவும் ஒரு செட்! பதிப்பதும் செட், தொகுதியும் செட். ஆங்கிலத்தில் இவை இரண்டும் ஒரே வேரில் முளைத்தவைகூட அல்ல. பொருத்தி வைப்பது பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. கூட்டமும் தொகுதியும் லத்தீனில் கிளம்பி பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தவை. ஓசூர் நகைப்பெட்டிக்குள் இரண்டும் சம்பந்தி ஆகிவிட்டன.

மெக்கானிக் கடைக்குப் போனால் கிளட்ச் செட், செயின் செட், ரிங் செட். வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி, “கலவை செட் ஆவறதுக்குள்ள சீக்கிரம் கொட்டுப்பா” என்று விரட்டுகிறார். அவர் விரட்டுவதில் கணக்கு இருக்கிறது. சாதாரண போர்ட்லாண்டு சிமென்ட் தண்ணீர் பட்ட அரை மணிக்குள் இறுகத் தொடங்கக் கூடாது, பத்து மணி நேரத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. உடனே இறுகிவிடாமல் இருக்கத்தான் ஆலையிலேயே ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள்.

ஊரைத் தாண்டி வயல்பக்கம் போனால் பம்பு செட். அரசாங்கக் காகிதத்திலும் அதே பேர், மோட்டார் கொட்டகையில் குளிக்கப் போகிற பையன் வாயிலும் அதே பேர். பண்டிகை வந்தால் மைக் செட், பேண்டு செட், சீரியல் செட் மூன்றும் ஒரே மாட்டு வண்டியில் வந்து இறங்கிய காலம் உண்டு. ‘செட்டுக்காரர்’ வந்துவிட்டார் என்றால் பண்டிகையே வந்துவிட்ட மாதிரி. கரண்ட் போய்விட்டால்? இருக்கவே இருக்கிறது டி.ஜி. செட்!

இனி சாப்பாட்டுக்கு வருவோம், என் உற்சாகம் கரை உடைக்கும் இடம் இதுதான். தமிழ்நாட்டு ஓட்டலில் “ஒரு செட் பூரி” என்பது எண்ணிக்கை, அவ்வளவுதான். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி வந்த கன்னட நாட்டுச் செட் தோசையோ தனிப் பிறவி. மாவில் அவல் சேரும். கல்லில் ஊற்றித் தேய்க்காமல் விடுவார்கள், மூடி போட்டு வேகவைப்பார்கள், திருப்பிப் போட மாட்டார்கள். மேலே முழுக்கப் பொடிப் பொடி ஓட்டை, அடியில் மட்டும் லேசான பொன்னிறம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்தில் காய்கறி சாகு. விரலால் அழுத்தினால் அமுங்கி, எடுத்தால் எழும்புகிறது. ஓசூர்க் காலைக் குளிரில் ஆவி பறக்க அந்த ஓட்டைகளுக்குள் சாகு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் ஆபீசுக்கு லேட்டாகப் போயிருக்கிறேன். வருத்தமே இல்லை.

சாயங்காலம் எங்கள் பக்கத்து மைதானத்தில் வாலிபால். 25 பாயிண்டுக்கு ஒரு செட், ஐந்தாவது செட் மட்டும் 15-க்கு. பகலெல்லாம் வி.எம்.சி. ஓட்டும் ஒரு செட்டர் அங்கேயும் செட்டர்! வரும் பந்தை விரல் நுனியில் வாங்கி, வலைக்கு மேல் ஓர் அடி தூக்கி, அடிக்கிறவருக்குக் கனகச்சிதமாகக் கொடுக்கிறார். உலோகத்தில் பழகிய கணக்கு காற்றிலும் பலிக்கிறது. ஆட்டம் முடிந்ததும் மைதானத்து ஓரத்தில் ஐ.டி.ஐ.-யில் கூடப் படித்த ‘நம்ம செட்டு’ உட்கார்ந்து, யாருக்குப் பெண் செட் ஆச்சு, யாருக்கு வேலை செட் ஆகலை என்று பேசத் தொடங்கும்.

இந்தச் சொல் நுழையாத இடமும் உண்டு, அதையும் நான் ரசிக்கிறேன். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இது ‘கணம்’. தயிர் ஆங்கிலத்தில் செட் ஆகும், நம் வீட்டில் உறையும். குளிர்காலத்தில் ஓசூர்த் தயிர் உறைய அடம்பிடிக்கும்போதுகூட “தயிர் செட் ஆகலை” என்று ஒரு அம்மாவும் சொல்லி நான் கேட்டதில்லை.

அத்தனை பொருளையும் குழப்பாமல் எப்படிச் சமாளிக்கிறோம்? எல்லாப் புகழும் ‘ஆகு’, ‘பண்ணு’ என்ற இரண்டு குட்டி வினைகளுக்கே. தானாக நடந்தால் செட் ஆச்சு, ஒருவர் நடத்தினால் செட் பண்ணினார். சட்டையா, சம்பந்தமா, சிமென்டா, சி.என்.சி.யா என்பதை இடம் சொல்லிவிடும். இதே வித்தை இங்கே காதில் விழும் மற்ற மொழிகளிலும் உண்டு. கன்னடத்தில் செட் ஆய்த்து, தெலுங்கில் செட் அயிந்தி, இந்தியில் செட் ஹோ கயா. தலை ஒன்று, வால் அவரவர் மொழி!

போன வாரம் ஒரு பட்டறையில் நம்மூர் செட்டர் ஒடிசாவிலிருந்து வந்த பையனைப் பார்த்து, “பையா, ஜல்தி செட் கரோ” என்று தன் இந்தி முழுவதையும் செலவழித்தார். பையன் ஜாவை இறுக்கிவிட்டு நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே சொன்னான்: “செட் ஆயிடுச்சுண்ணா!” தமிழில் அவன் வாயில் வந்த முதல் முழு வாக்கியம் அதுதானாம். இதைவிட நல்ல பாலபாடம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?