பிரேக் இல்லாத வண்டி

நியூயார்க் நகரில் மிதிவண்டியேறிப் பொட்டலங்களைக் கொண்டு சேர்க்கும் தூதர்களைப் பற்றிய அமெரிக்கத் திரைப்படம் ‘பிரீமியம் ரஷ்’. டேவிட் கெப் இயக்கி 2012இல் வெளிவந்தது. கதைநாயகன் வைலீ சட்டம் பயின்றவன். மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் வாழ்வை வெறுத்துத் தெருவைத் தேர்ந்தவன். அவன் வண்டிக்குப் பிரேக் இல்லை. சக்கரம் சுழலும்வரை மிதிகட்டைகளும் சுழலும். நிறுத்த வேண்டுமாயின் கால்களால் எதிர்த்து அழுத்த வேண்டும்.

சீனப் பெண்ணொருத்தி தன் மகனை அமெரிக்காவுக்கு வரவழைக்கச் சேர்த்த பணத்திற்குரிய சீட்டு, அவனிடம் ஓர் உறையில் ஒப்படைக்கப்படுகிறது. சூதாட்டக் கடனில் மூழ்கிய காவலர் ஒருவர் அதைப் பறிக்கத் துரத்துகிறார். உறையின் உண்மையை அறிந்தபின் வைலீ தன் உயிரைப் பணயம் வைத்து அதனைச் சேர்ப்பிக்கிறான். அமானிதம் காக்கும் அந்த உறுதியை யார்தான் மெச்சாதிருப்பர்? புகையின்றி, எண்ணெயின்றி, கால்வலிமை ஒன்றையே நம்பி, தேங்கி நிற்கும் கார்களுக்கிடையே அவன் விரைகையில் நம் நெஞ்சும் உடன் விரைகிறது. இதை மறைப்பது நேர்மையன்று.

ஆயினும், ஒரு காட்சி உறுத்துகிறது. நாற்சந்தியை நெருங்கும் வைலீ, செல்லத்தக்க வழிகளை மனத்துள் கணக்கிடுகிறான். ஒரு வழியில் குழந்தைவண்டி தள்ளிவரும் பெண்மீது மோதுவதாகக் காண்கிறான். உடனே வேறு வழி தேர்கிறான். அவனுக்கு அது பிழையாய்ப் போன கணக்கு, காண்போருக்குச் சிரிப்பு. கணக்குத் தவறாது என்பதே இப்படத்தின் நம்பிக்கை. ஆனால், படப்பிடிப்பின்போதே நாயகனாக நடித்த ஜோசப் கார்டன் லெவிட் வாடகைக் கார் ஒன்றில் மோதி 31 தையல்கள் பெற்றார். குருதி வழியும் கையோடு அவர் நிற்பதைப் படத்தின் முடிவிலேயே காட்டுகின்றனர், வீரத் தழும்பைப்போல!

2016இல் இலண்டனில், முன்சக்கரப் பிரேக் இல்லாத மிதிவண்டி மோதி, தெருவைக் கடந்த பெண்ணொருவர் இறந்தார்; இரு குழந்தைகளின் தாய். சாலையில் செல்லும் வண்டிக்கு முன்பிரேக் கட்டாயம் என்பது அந்நாட்டுச் சட்டம். ஓட்டிய இளைஞருக்கு 2017இல் 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. குதிரைவண்டிக் காலமான 1861இன் சட்டத்தைக் கொண்டே அவரைத் தண்டிக்க நேர்ந்தது.

உறை அமானிதமெனில், எதிரே நடந்து வருபவரின் உயிரும் அமானிதமன்றோ? முன்னதைக் காத்தவனைப் போற்றும் இப்படம், பின்னதை அவனுடைய திறமைக்கே விட்டுவிடுகிறது. இதனை இளைஞர்கள் பார்க்கலாகாது என்று யான் கூறேன். பார்த்தபின், குழந்தைவண்டியைத் தள்ளி வந்த அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும் என்பேன்.