சிலுவைராஜுக்கு மாலை போடாதீங்க

ராஜ் கௌதமன் 2024 நவம்பர் 13-ஆம் தேதி செத்துப்போனார். 74 வயசு. 'மறைந்தார்', 'இயற்கை எய்தினார்' என்றெல்லாம் எழுதக் கை வரமாட்டேங்குது. எங்க தெருவில் யாரும் மறைவதில்லை, சாகத்தான் செய்கிறார்கள்.

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் கூட்டாளி ஒருத்தன் போய்விட்ட மாதிரிதான் இருந்தது. மண்டபத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் கூடினோம். எவனோ படத்தைப் பெருசாக்கி, மாலையும் வாங்கி வந்துவிட்டான். இன்னொரு தோழர் பத்திரிகைகளில் வந்த அஞ்சலிகளை வாசித்தார். 'மென்மையான மனிதர்', 'ஆழ்ந்த அறிஞர்', 'சுவையான எள்ளல் நடை'. கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் வந்தது. சுவையாம்! யாருக்குச் சுவை?

'சிலுவைராஜ் சரித்திரம்' 2002-ல் வந்தது. நம்ம பழைய ராமநாதபுரம் மாவட்டத்துப் புதுப்பட்டியில் (இப்ப அது விருதுநகர் மாவட்டம்) கத்தோலிக்கச் சேரியில் பிறந்த ஒரு பயலின் கதை. அப்பா ராணுவத்தில். பள்ளிக்கூடம், ஹாஸ்டல், சாமியார்கள், கல்லூரி, அப்புறம் வேலையில்லாமல் திரிகிற வருசங்கள். அதே ஊரிலிருந்து, அதே வீட்டிலிருந்து பத்து வருசம் முன்னால் அவர் தங்கச்சி பாமாவின் 'கருக்கு' வந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தங்கச்சி கன்னியர் மடத்திலிருந்து வெளியே வந்து, ஆத்திரத்தோடும் அழுகையோடும் நேராகக் குற்றஞ்சாட்டுகிறார். அண்ணன் குற்றவாளிக் கூண்டில் தன்னையே ஏற்றிவிட்டுச் சிரிக்கிறார். சிலுவைராஜின் பயம், பொறாமை, வெட்டி வீறாப்பு எதையும் மறைக்கிறதில்லை. நம்ம எழுத்தில் அதுவரைக்கும் தலித் என்றால் ஒன்று அடிபட்டவன், இல்லாவிட்டால் திருப்பி அடிக்கிறவன். கோமாளித்தனமும் நமக்கு உண்டு என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டியிருந்தது.

ஆனால் அந்தச் சிரிப்பை 'நடை' என்று ஒதுக்கி வைப்பதில்தான் மோசம் இருக்கிறது. நாவல் எங்கே போய் முடிகிறது? வேலைக்காக, சாதிச் சான்றிதழுக்காக, சிலுவைராஜ் இந்துவாக மாறுவதில். சாமியை நம்பி மாறவில்லை. ஏசுவை வெறுத்தும் மாறவில்லை. ஒரு காகிதத்துக்காக மாறுகிறான். ராஜ் கௌதமன் பிறந்த அதே 1950-ல், ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கதவு திறந்தது. கிறித்தவருக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் நாம் பி.சி. பட்டியலில் இருக்கிறோம். தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் சட்டத்தைத் திருத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது.

என் கதையும் இதுதான். தாத்தா காலத்தில் வேதத்துக்கு வந்தோம். சான்றிதழில் நான் பி.சி. ஊர்க்காரனுக்கு மட்டும் நான் எந்தத் தெரு என்று நல்லாத் தெரியும். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் ஞானஸ்நானச் சீட்டையா கேட்கிறான்? ஒரு தடவை அலுவலகம் ஒன்றில், "சர்ச்சுக்குப் போறதை நிறுத்திட்டீங்கன்னு எழுதிக் குடுங்க, பார்ப்போம்" என்றார்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. அது வீரம் ஒன்றுமில்லை, அம்மாவுக்குப் பயம்.

இப்போது கேளுங்கள். ராஜ் கௌதமன் செத்துப் பதிமூணாம் நாள், நவம்பர் 26-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் புதுச்சேரிப் பெண். அவர் பல வருசம் பேராசிரியராக இருந்த அதே புதுச்சேரி. உண்மையான நம்பிக்கை இல்லாமல், இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்துவாக மாறியதாகச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று தீர்ப்பு. அதாவது நம்பிக்கையை நிரூபிக்க வேண்டும். சாதி என்றைக்காவது நம்மிடம் நம்பிக்கை கேட்டதா? சிலுவைராஜின் சிரிப்பு இந்தக் கேள்விக்கு இருபத்திரண்டு வருசம் முன்னாலேயே கொடுத்த பதில்மனு. அஞ்சலி எழுதியவர்கள் நகைச்சுவையை எடுத்துக்கொண்டு மனுவைக் கீழே போட்டுவிட்டார்கள்.

ஆய்வாளரையும் இப்படித்தான் ஆக்கினார்கள். எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குப் புறம் என்றால் வீரம். அவ்வளவுதான். 'ஆகோள் பூசலும் பெருங்கற்கால நாகரிகமும்' படித்த பிறகுதான், மாட்டை ஓட்டிக்கொண்டு போனவனின் புகழுக்குப் பின்னால் மாட்டைப் பறிகொடுத்தவன் ஒருத்தன் நிற்கிறான் என்று உறைத்தது. 'அறம் அதிகாரம்' என்று 1997-ல் ஒரு புத்தகத்துக்குப் பேர் வைத்தார். இரண்டு சொல்லையும் பக்கத்தில் நிறுத்தினதே பாதி விமர்சனம்.

அவரோடு எனக்குச் சண்டையும் உண்டு. 1993-ல் வந்த 'தலித் பண்பாடு', அவன் இழிவு என்று சொன்னதை எல்லாம் எடுத்துக் கலகமாக ஆக்கு என்கிறது. இருபது வயசில் படித்துவிட்டு அம்மாவிடம் பிரசங்கம் பண்ணினேன். அம்மா கருவாட்டுக் கொட்டகையில் கூலிக்குப் போய் வந்தவள். "அந்த நாத்தத்தை நீ கொண்டாடுப்பா. எனக்கு ஒரு நல்ல சோப்பு வாங்கிக் குடு" என்றாள். கலகத்தின் கணக்கில் எங்க அம்மா கேட்ட சோப்புக்கு இடமில்லை என்பது என் குறை. 'லண்டனில் சிலுவைராஜ்' எனக்கு ஒட்டவும் இல்லை. புதுப்பட்டியில் தன்னைக் கடித்த அந்தச் சிரிப்பு அங்கே வேடிக்கை பார்க்கப் போய்விட்டது. இதையெல்லாம் அன்றைக்கு மாடியில் சொன்னபோது, "செத்தவரைப் போய்க் குறை சொல்றியே" என்றார் ஒரு தோழர். அவர் எழுத்தில் சங்கப் புலவன் தொடங்கி அவர் வரைக்கும் யார்தான் தப்பித்தார்கள்? நாம் மட்டும் அவரைத் திருவுருவம் ஆக்குவதா? படத்துக்குப் போட்ட மாலை அதற்குள் காற்றில் பாதி கழன்று தொங்கியது. யாரும் எழுந்துபோய்ச் சரிபண்ணவில்லை.

அடுத்த ஜூனில் அக்கா மகன் காலேஜில் சேர வேண்டும். அவனுக்கு ஞானஸ்நானப் பேர் ஒன்று, பள்ளிக்கூடப் பேர் ஒன்று. "சான்றிதழுக்கு எப்படிடா எழுதுறது, நீதான படிச்சவன்" என்று அக்கா கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. பயலிடம் 'சிலுவைராஜ் சரித்திர'த்தைக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி படித்துவிட்டுத் தனியாகச் சிரிக்கிறானாம், அக்கா பயந்துபோய் போன் பண்ணினாள்.